முத்திரையும் சொல்லும்: இளைய நாடும் வணிக உடன்படிக்கையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



சொல்லை ஆள்வோர் கூடிய அவையில் சுங்கத்துக்கும் சரக்குக்கும் என்ன இடம் என்னும் வினா எழக்கூடும். அவ்வினாவுக்குப் பட்டினப்பாலையே விடை தருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் சிறப்பைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பொருளையும் கரையிலிருந்து கடலுக்கு ஏறும் பொருளையும் காவல் காத்துப் புலிச்சின்னம் பொறிக்கும் சுங்கத்தாரைத் தம் பாட்டுக்குள் கொண்டுவந்தார். மூட்டையின் மேல் பொறித்த அந்தப் புலி வெறும் உருவம் அன்று. ஓர் அரசு உலகுக்குத் தரும் சொல் அது எனலாம். துறைமுகத்தில் ஒரே முத்திரை இருந்தது. அதனால்தான் அதற்கு மதிப்பும் இருந்தது.

வணிக உடன்படிக்கை என்பதும் அத்தகைய சொல்லே. ஒரு நாடு மற்றொரு நாட்டுக்குக் கொடுக்கும் சொல். மற்றொரு நாட்டிடமிருந்து பெறும் சொல். அண்மையில் பிறந்த நாடு ஒன்று அச்சொல்லை எவ்வாறு கொடுக்க வேண்டும்? எவ்வாறு பெற வேண்டும்? பொருளியல் நூல்கள் இதற்குப் பல விடைகள் கூறும். அவற்றினும் தெளிவாக விடை கூறுவது, ஒரு நாடு தன் இளமையில் செய்த சரிகளையும் பிழைகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்பதாகும். அதற்கு 1776இல் பிறந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளைக் காட்டிலும் ஏற்ற சான்று அரிது. பின்னாளில் அது அடைந்த வல்லமையைச் சற்று மறந்துவிட்டு, கடன்பட்டு, கடற்படையின்றி, பதின்மூன்று மாநிலங்களாகச் சிதறி நின்ற நிலையில் அந்நாட்டை ஈண்டு நோக்க வேண்டும்.

முதல் வரைவு

1776ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று நியூயார்க் நகரம் ஆங்கிலேயர் படையிடம் வீழ்ந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸ் ஓர் உடன்படிக்கை வரைவை ஏற்றுக்கொண்டது. ஜான் ஆடம்ஸ் எழுதிய அவ்வரைவைப் பின்வந்தோர் மாதிரி உடன்படிக்கை என்று குறித்தனர். தோற்றுக்கொண்டிருந்த ஒரு நாடு, உலகத்தோடு எவ்வாறு வணிகம் செய்வது என்று எண்ணிக்கொண்டிருந்தது வியப்புக்குரியது.

ஆடம்சின் எண்ணம் தெளிவானது. பிரான்சு நாட்டுக்கு வணிகத்தைத் தருவோம். அரசியல் பிணைப்பைத் தரமாட்டோம். ஒரு நாட்டு வணிகர் மற்ற நாட்டில் அந்நாட்டார் செலுத்தும் வரியையே செலுத்தட்டும். போர்க்காலத்தில் நடுநிலை நாட்டுக் கப்பலில் ஏற்றிய சரக்கு, பகைவர் பொருளாயினும் பறிக்கப்படாதிருக்கட்டும். இவையே அவ்வரைவின் முதன்மையான கூறுகள்.

பிரான்சு அதனை அப்படியே ஏற்கவில்லை. 1778 பிப்ரவரி 6 அன்று இரண்டு உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று நட்பும் வணிகமும் பற்றியது. மற்றொன்று படைக் கூட்டணி பற்றியது. தனக்குப் படைத்துணை தேவைப்பட்டபோது, வணிகம் மட்டும் போதும் என்ற கொள்கையை இளைய நாடு விட்டுக்கொடுத்தது. உள்நாட்டாருக்கு இணையான வரி என்பதும் கிடைக்கவில்லை. வேறு எந்த நாட்டுக்குச் சலுகை தரப்பட்டாலும் அதே சலுகை, அதே நிபந்தனைகளோடு, இந்நாட்டுக்கும் உண்டு என்னும் விதியே கிடைத்தது. வேண்டியது முழுதும் கிட்டாதபோது கிட்டியதைக் கொண்டு எழுந்து நிற்றல் தோல்வியன்று என்பதை அவ்விளைய நாடு முதலில் கற்றது.

ஒரு குடம் பாகு

அந்த உடன்படிக்கைக்குள் ஒரு சிறு கதை உண்டு. சொல்லின் எடையை அறிந்தோர் அதனைச் சுவைப்பர்.

மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் பாகு, அமெரிக்க வடபகுதிகளில் ரம் என்னும் மதுவைக் காய்ச்சுவதற்கு இன்றியமையாத பொருள். ஆகவே, பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து அமெரிக்கர் ஏற்றிச்செல்லும் பாகுக்கு எக்காலத்தும் ஏற்றுமதி வரி இல்லை என்று 11ஆம் விதி எழுதப்பட்டது. அதற்கு ஈடாக 12ஆம் விதி என்ன கூறியது? அத்தீவுகளுக்கு வேண்டிப் பிரெஞ்சுக் குடிகள் ஏற்றிச்செல்லும் எந்த அமெரிக்கப் பொருளுக்கும் அமெரிக்கா வரி விதிக்கலாகாது என்றது.

ஒருபக்கம் ஒரே ஒரு பொருள். மறுபக்கம் எல்லாப் பொருள்களும். தூதுவர் மூவருள் ஒருவரான ஆர்தர் லீ இதனைக் கண்டு தடை கூறினார். காங்கிரசும் உடன்படிக்கையை ஏற்கும்போதே அவ்விரு விதிகளையும் நீக்குமாறு கேட்டது. பிரான்சு இணங்கியது, அதே ஆண்டில் இரண்டும் நீக்கப்பட்டன. ஒரு பொருளின் பெயருக்கும் "எந்தப் பொருளுக்கும்" என்னும் தொடருக்கும் உள்ள தொலைவை உரிய காலத்தில் அளந்ததால் ஒரு நாட்டின் வரிவிதிக்கும் உரிமை காக்கப்பட்டது. நட்பு நாட்டோடு செய்யும் உடன்படிக்கையையும் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். நட்புக்கு அது இழுக்கன்று.

புலவரைக் காத்த உடன்படிக்கை

பிரான்சைத் தொடர்ந்து 1782இல் நெதர்லாந்தோடும், 1783இல் சுவீடனோடும், 1785இல் பிரஷ்யாவோடும் வணிக உடன்படிக்கைகள் உருவாயின. இவற்றுள் பிரஷ்யாவோடு செய்தது தனித்து நினைக்கத்தக்கது. அதில் கையெழுத்திட்ட அமெரிக்கர் மூவர்: பிராங்க்ளின், ஜெபர்சன், ஆடம்ஸ். இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டாலும் பெண்டிர், குழந்தைகள், கல்வியாளர், உழவர், கைவினைஞர், படைக்கலம் ஏந்தாத மீனவர் ஆகியோருக்குத் தீங்கு செய்யலாகாது என்று அது விதித்தது. பகை நாட்டில் தங்கிவிட்ட வணிகர் தம் கடனை வசூலித்துக் கணக்கை முடித்துச் செல்ல ஒன்பது மாதம் தவணை தந்தது. போர்க்கைதிகளை எவ்வாறு நடத்த வேண்டும் என்றும் எழுதிவைத்தது.

வணிக ஏடு ஒன்றில் உழவரும் மீனவரும் கற்றோரும் இடம்பெற்றது எதனால்? வணிகம் என்பது சரக்கின் போக்குவரவு மட்டுமன்று, மனிதரின் போக்குவரவும் ஆகும் என்று அதனை எழுதியோர் கருதியதனால். வலிமை குறைந்த நாடும் நல்ல விதியொன்றை முன்மொழியலாம். நல்ல விதியை எழுதுவதற்குப் பெரும்படை வேண்டியதில்லை.

ஆயினும் பிரஷ்யாவோடு நடந்த வணிகம் மிகச் சிறிது. பெரிய வணிகம் யாரோடு இருந்ததோ, அந்த இங்கிலாந்து கதவை அடைத்துவிட்டிருந்தது.

பதின்மூன்று வாய்கள்

விடுதலைக்கு முன் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீன், மரம், தானியம், குதிரை முதலியவற்றை ஆங்கிலேயரின் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பி வாழ்ந்தன. 1783 ஜூலை 2 அன்று இங்கிலாந்து அரசு ஆணையொன்று பிறப்பித்தது. அத்தீவுகளுக்குச் செல்லும் அமெரிக்கப் பொருள்கள் இனி ஆங்கிலேயர் கப்பலில் மட்டுமே செல்ல வேண்டும் என்றது; உப்பிட்ட இறைச்சியையும் மீனையும் அறவே விலக்கியது. பேரரசின் குடிகளாய் இருந்தபோது பெற்ற உரிமையை அயலாராய் ஆனபின் எதிர்பார்த்தது பேதைமை என்று இலண்டன் கருதியது.

அவ்வாண்டில் ஷெபீல்டு பிரபு எழுதிய நூல் ஒன்று இங்கிலாந்தின் எண்ணத்துக்கு வலுவூட்டியது. அமெரிக்கரோடு வணிக உடன்படிக்கை தேவையே இல்லை. ஆங்கிலச் சரக்கின் தரமும் ஆங்கில வணிகர் தரும் கடனும் அவர்களைத் தாமாகவே இழுத்துவரும். பதின்மூன்று மாநிலங்களும் ஒன்றுகூடி எதிர்ச்செயல் செய்ய வல்லவை அல்ல என்பது அவர் கூற்று. கசப்பான கூற்றுதான். ஆயினும் அதில் உண்மை இருந்தது.

1781இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள், உடன்படிக்கை செய்யும் உரிமையைக் காங்கிரசுக்குத் தந்தன. தந்த கையே அதனைப் பறித்துக்கொண்டது. காங்கிரஸ் செய்யும் எந்த வணிக உடன்படிக்கையும், தம் குடிகளுக்கு இணையான வரியை அயலார்மேல் விதிக்கும் மாநிலங்களின் உரிமையையோ, எந்தச் சரக்கின் ஏற்றுமதி இறக்குமதியையும் தடைசெய்யும் மாநிலங்களின் உரிமையையோ தடுக்கலாகாது என்று 9ஆம் விதி கூறியது. சொல் கொடுப்பவர் ஒருவர். அச்சொல்லைக் காக்கவோ உடைக்கவோ வல்லவர் வேறு பதின்மூவர். 1785இல் வணிக உடன்படிக்கை பேச முற்பட்ட அமெரிக்கத் தூதுவர்களை நோக்கி, பாரிசிலிருந்த ஆங்கிலத் தூதர் டார்செட் கோமகன் ஒரு வினா எழுப்பினார். தாங்கள் காங்கிரசின் அதிகாரம் பெற்றவர்களா, தனித்தனி மாநிலங்களின் அதிகாரம் பெற்றவர்களா என்பதே அது. ஏளனம் கலந்த வினாவாயினும் மறுமொழி கூற எளிதன்று.

உள்நாட்டு நிலை அதனினும் மோசம். நாட்டின் கடனை அடைக்க இறக்குமதிமேல் நூற்றுக்கு 5 வரி விதிக்க 1781இல் காங்கிரஸ் வேண்டியது. ரோட் தீவு என்னும் ஒரு சிறு மாநிலம் மறுத்ததால் அது வீழ்ந்தது. 1783இல் மீண்டும் வேண்டியது. இம்முறை நியூயார்க்கின் மறுப்பால் வீழ்ந்தது. ஒரு மாநிலம் ஆங்கிலக் கப்பலுக்குக் கதவை அடைத்தால், அண்டை மாநிலம் தன் கதவைத் திறந்து வணிகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையில் கிடந்து இருபக்கமும் சுங்கம் செலுத்திய நியூஜெர்சியை, இருமுனையிலும் திறப்பு வைத்த பீப்பாய்க்கு ஜேம்ஸ் மாடிசன் ஒப்பிட்டார். கவிஞர் அல்லாதவர் கூறிய உவமைதான். ஆயினும் அந்நாட்டின் பொருளியல் முழுதும் அதில் அடங்கிவிட்டது.

சமாதான உடன்படிக்கையின் சொல்லும் காக்கப்படவில்லை. போருக்கு முன் ஆங்கில வணிகரிடம் பெற்ற கடனை வசூலிக்கத் தடையிராது என்று 1783இல் அமெரிக்கா உறுதி கூறியிருந்தது. மாநிலச் சட்டங்கள் சில அதனைத் தடுத்தன. அதனையே காரணங்காட்டி, ஒப்படைக்க வேண்டிய எல்லைக் கோட்டைகளை இங்கிலாந்து தன்கையிலேயே வைத்துக்கொண்டது. பிழை தம்பக்கமும் உண்டு என்று அயலுறவுச் செயலாளர் ஜான் ஜே 1786இல் காங்கிரசுக்கு வெளிப்படையாக அறிக்கை தந்தார். தன் நாட்டின் பிழையைத் தன் நாட்டாரிடமே எடுத்துக் கூறும் துணிவு தூதுக்குரிய பண்புகளுள் ஒன்று.

விற்கப்படவிருந்த ஆறு

அதே ஜான் ஜே அதே ஆண்டில் ஒரு பிழையும் செய்யவிருந்தார். ஸ்பெயின் நாட்டோடு வணிகச் சலுகை பேசியபோது, அதற்கு ஈடாக மிசிசிப்பி ஆற்றில் கப்பல் செலுத்தும் உரிமையை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று கருதினார். வடபகுதியின் மீனவரும் கப்பல் வணிகரும் பயன்பெறுவர். மேற்கே மலைகடந்து குடியேறிய உழவருக்கோ அந்த ஆறே கடலுக்குச் செல்லும் ஒரே வழி. காங்கிரசில் ஏழு மாநிலங்கள் இதற்கு இசைந்தன, ஐந்து எதிர்த்தன. உடன்படிக்கைக்கு ஒன்பது மாநிலங்களின் இசைவு வேண்டும் என்ற விதி இருந்ததால் முயற்சி நின்றது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1795 அக்டோபரில், தாமஸ் பிங்க்னி ஸ்பெயினோடு செய்த உடன்படிக்கையில் மிசிசிப்பி திறந்தது. நியூ ஆர்லியன்சில் சரக்கை இறக்கிவைக்கும் உரிமையும் கிடைத்தது. காத்திருந்தோர் இழக்கவில்லை. ஒரு பகுதியின் வாழ்வை மற்றொரு பகுதியின் ஆதாயத்துக்கு விலையாக வைக்கும் உடன்படிக்கை, வெளிநாட்டோடு நட்பை வளர்க்குமுன் உள்நாட்டில் பகையை வளர்த்துவிடும். இப்பாடத்தை மறவாத அரசியலமைப்புச் சபை, எந்த உடன்படிக்கைக்கும் செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைவு வேண்டும் என்று விதித்தது.

ஒரு முத்திரையும் ஓர் ஒளிந்த சொல்லும்

அந்தச் சபை கூடியதற்கே வணிகம்தான் காரணம். பொட்டோமாக் ஆற்றின் போக்குவரவு பற்றி வர்ஜீனியாவும் மேரிலாந்தும் 1785இல் பேசின. அப்பேச்சு வளர்ந்து 1786 செப்டம்பரில் அன்னாபொலிஸ் மாநாடாயிற்று. வந்தவை ஐந்து மாநிலங்கள், வந்தவர் பன்னிருவர். வணிகத்தை மட்டும் தனியே திருத்த இயலாது, அரசையே திருத்த வேண்டும் என்று அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் சபை கூடியது.

1787இல் உருவான அரசியலமைப்பு, அயல்நாட்டு வணிகத்தையும் மாநிலங்களுக்கு இடைப்பட்ட வணிகத்தையும் நெறிப்படுத்தும் உரிமையைக் காங்கிரசிடம் ஒப்படைத்தது. மாநிலங்கள் தம் விருப்பப்படி சுங்கம் விதிப்பதைத் தடுத்தது. ஏற்றுமதி வரியை விலக்கியது. ஒரு மாநிலத்தின் துறைமுகத்துக்கு மற்றொன்றைவிடச் சலுகை தரலாகாது என்றது. உடன்படிக்கைகள் நாட்டின் உயர்ந்த சட்டம், மாநில நீதிபதிகளும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவர் என்றது. பதின்மூன்று முத்திரைகள் ஒன்றாயின.

ஆனால் அவ்வொற்றுமைக்குக் கொடுத்த விலை என்ன? தென்பகுதியார், கப்பல் போக்குவரவுச் சட்டங்களுக்கு மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்றனர். தம் புகையிலையும் நெல்லும் வடபகுதியார் கப்பலுக்கு அடிமையாகிவிடும் என அஞ்சினர். வடபகுதியார் பெரும்பான்மையே போதும் என்றனர். இறுதியில் ஒரு பேரம் முடிந்தது. தென்பகுதி அந்த மூன்றில் இரண்டைக் கைவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரும் வணிகத்தை 1808க்கு முன் காங்கிரஸ் தடுக்கலாகாது என்று வடபகுதி இசைந்தது. தலைக்கு 10 டாலருக்கு மிகாத வரி விதிக்கலாம் என்றும் எழுதப்பட்டது.

அவ்விதியைப் படிப்போர் அதில் அடிமை என்னும் சொல்லைக் காணமாட்டார்கள். மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளத் தக்கவர் எனக் கருதும் ஆட்கள் என்று மட்டுமே அது பேசுகிறது. சொல்ல வெட்கப்பட்டனர், செய்ய வெட்கப்படவில்லை. சொல்லை ஒளித்ததனால் செயல் மாறிவிடவில்லை. விலங்கிடப்பட்ட மனிதர் சரக்காக இறங்கிய துறைமுகங்களில் அந்த விதி ஒரு சுங்க அட்டவணையாகவே நின்றது. வணிகச் சட்டத்தைப் படிப்போர், எழுதப்பட்ட சொல்லோடு எழுதாமல் விட்ட சொல்லையும் தேட வேண்டும். பேரம் பேசும் மேசையில் இடம் இல்லாதவர் தலைமேலேயே பேரத்தின் சுமை முதலில் விழுகிறது.

சுங்கச் சட்டமும் இரு அறிஞரும்

புதிய அரசு முதலில் செய்த வேலைகளுள் சுங்கச் சட்டமும் ஒன்று. 1789 ஜூலை 4 அன்று வாஷிங்டன் அதில் கையெழுத்திட்டார். அம்மாதம் 20ஆம் நாள் கப்பல் கொள்ளளவு வரிச் சட்டம் வந்தது. அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட். அமெரிக்காவில் கட்டி அயலார் உடைமையான கப்பலுக்கு 30 சென்ட். ஏனைய அயல்நாட்டுக் கப்பலுக்கு 50 சென்ட். உடன்படிக்கை செய்த நாட்டுக்கும் செய்யாத நாட்டுக்கும் வேறுபாடு காட்ட வேண்டும் என்று மாடிசன் வாதாடினார். மக்களவை அதனை ஏற்றது; செனட் நீக்கிவிட்டது. இங்கிலாந்தைச் சினமூட்டும் வலிமை இன்னும் வரவில்லை என்பது அதன் கருத்து.

இங்கே இரு நெறிகள் பிரிந்தன. நிதித்துறைச் செயலாளர் ஹாமில்டன் 1791 டிசம்பரில் தம் தொழில் அறிக்கையைத் தந்தார். புதுத்தொழில்களுக்கு ஊக்கத்தொகையும் அளவான சுங்கப் பாதுகாப்பும் வேண்டும் என்றார். ஆயினும் அரசின் வருவாயில் பெரும்பகுதி ஆங்கிலச் சரக்கின்மேல் விழும் சுங்கமே என்பதால், அவ்வணிகத்தைக் குலைக்க அவர் விரும்பவில்லை. ஜெபர்சன் 1793 டிசம்பரில் தந்த அறிக்கை வேறு வழி காட்டியது. சலுகைக்குச் சலுகை, தடைக்குத் தடை என்பது அதன் சாரம். ஒருவர் நாட்டின் கருவூலத்தைக் கண்டார். மற்றவர் நாட்டின் மானத்தைக் கண்டார். இரண்டும் நாட்டுக்கு வேண்டியவையே. எது எப்போது என்பதில்தான் அறிவு இருந்தது. வலியறிதல், காலமறிதல் என்று வள்ளுவர் அடுத்தடுத்து இரு அதிகாரங்கள் வைத்தது ஈண்டு நினைவுக்கு வரும்.

பருத்தி என்னும் சொல்

1794 நவம்பர் 19 அன்று இலண்டனில் ஜான் ஜே ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதன் 12ஆம் விதி மேற்கிந்தியத் தீவுகளின் கதவைச் சற்றே திறந்தது: 70 டன்னுக்கு மேற்படாத சிறு கப்பல்கள் செல்லலாம். அதற்கு ஈடாக, பாகு, சர்க்கரை, காப்பி, கொக்கோ, பருத்தி ஆகிய ஐந்தையும் அமெரிக்கக் கப்பல்கள் தம் நாட்டுக்கு அன்றி உலகின் வேறு எப்பகுதிக்கும் கொண்டுசெல்லலாகாது. அத்தீவுகளிலிருந்து மட்டுமன்று, அமெரிக்காவிலிருந்தும் கொண்டுசெல்லலாகாது.

அவ்வாண்டு மார்ச்சில்தான் எலி விட்னியின் பருத்தி பிரிக்கும் பொறி காப்புரிமை பெற்றிருந்தது. தென்பகுதியின் வயல்கள் பருத்திக்கு மாறத் தொடங்கிய வேளை. ஐந்து சொற்களுள் கடைசிச் சொல், பின்னாளில் அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக வளரவிருந்த பொருளைக் கட்டிப்போட்டிருக்கும். செனட் 1795 ஜூன் 24 அன்று 20க்கு 10 என்ற வாக்கில் உடன்படிக்கையை ஏற்றது. 12ஆம் விதியை மட்டும் நிறுத்திவைத்தது. சரியாக மூன்றில் இரு பங்கு; ஒரு வாக்குக் குறைந்திருந்தால் எல்லாம் வீழ்ந்திருக்கும்.

செனட் மறைவில் பேசியதைச் செய்தித்தாள் வெளியிட்டதும் மக்கள் கொதித்தனர். ஊர்தோறும் ஜான் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. நிதி ஒதுக்கீடு 1796 ஏப்ரல் 30 அன்று மக்களவையில் 51க்கு 48 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. எதிர்த்தோர் முழுதும் தவறு செய்தனர் என்று கூற இயலாது. நடுநிலைக் கப்பலின் உரிமை என்ற பழைய கொள்கை அதில் கைவிடப்பட்டது, பிரான்சு சினந்தது, 1798இல் பிரான்சோடு அறிவிக்கப்படாத கடற்போரே மூண்டது. ஆதரித்தோரும் முழுதும் தவறு செய்யவில்லை. எல்லைக் கோட்டைகள் 1796இல் கைக்கு வந்தன. இங்கிலாந்தோடு போர் தள்ளிப்போயிற்று.

அதே உடன்படிக்கையின் 13ஆம் விதி தமிழ்க் கடற்கரைக்கு நெருக்கமானது. 1784 டிசம்பரில் பிலடெல்பியாவின் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்னும் கப்பல் புதுச்சேரியை வந்தடைந்தது. இந்தியத் துறைமுகம் ஒன்றில் நங்கூரமிட்ட முதல் அமெரிக்கக் கப்பல் அது எனப்படும். ஆங்கிலேயர் ஆண்ட கிழக்கிந்தியத் துறைமுகங்களில் அமெரிக்கர் வணிகம் செய்யும் உரிமையை 13ஆம் விதி எழுத்தில் தந்தது. 1815இல் ஏற்பட்ட வணிக ஒப்பந்தம் கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்கு என நான்கு துறைமுகங்களைப் பெயரிட்டே குறித்தது. அந்நகரங்களின் மக்களை அதுபற்றி எவரும் கேட்கவில்லை என்பதையும் மறத்தல் ஆகாது. தன் விடுதலைக்குப் போராடிய நாடு, பிறர் ஆட்சிக்குட்பட்ட துறைமுகத்தில் நுழைவுரிமை பெற்று மகிழ்ந்தது.

தன்னையே அடைத்த கதவு

ஜெபர்சன் தாமே ஆட்சித்தலைவர் ஆனபின் தம் நெறியைச் சோதித்துப் பார்த்தார். ஐரோப்பியப் போரில் இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பறித்தன. ஆங்கிலக் கடற்படை மாலுமிகளையும் பிடித்துச்சென்றது. அதற்கு விடையாக 1807 டிசம்பரில் எல்லா ஏற்றுமதியையும் நிறுத்தும் தடைச்சட்டம் வந்தது. அமெரிக்கப் பொருள் இல்லாமல் ஐரோப்பா பணியும் என்பது கணக்கு.

கணக்குப் பிழைத்தது. 1807இல் 10 கோடியே 80 இலட்சம் டாலராக இருந்த ஏற்றுமதி, 1808இல் 2 கோடியே 20 இலட்சமாக வீழ்ந்தது. கப்பல்கள் துறையில் மக்கின, மாலுமிகள் வேலையிழந்தனர், எல்லைகளில் கள்ளக்கடத்தல் பெருகியது. சட்டத்தை நிறைவேற்றத் தன் குடிகள்மேலேயே படையை ஏவ வேண்டிய நிலை வந்தது. 1809 மார்ச்சில், ஜெபர்சன் பதவி விலகும் வேளையில், சட்டம் கைவிடப்பட்டது. பகைவன் மூச்சை அடைக்க எண்ணித் தன் மூக்கையே பொத்திக்கொண்ட கதை அது. கேட்ட நியாயத்தில் குற்றமில்லை. வினை வலியும் தன் வலியும் மாற்றான் வலியும் துலாக்கோலில் சரியாக நிறுக்கப்படவில்லை.

காத்திருந்த கதவு

மேற்கிந்தியத் தீவுகளின் கதவு என்னாயிற்று? 1783இல் அடைபட்டது, 1794இல் சற்றே திறக்கவிருந்து மூடிக்கொண்டது, 1815இலும் திறக்கவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சன் ஆட்சியில் 1830இல்தான் அமெரிக்கக் கப்பலுக்கு அது நிலையாகத் திறந்தது. இடைப்பட்டது 47 ஆண்டுகள். முதல் ஆணையைக் கேட்டுக் கொதித்த இளைஞர் அதற்குள் முதியவராகியிருப்பர். அவ்வளவு காலமும் அந்நாடு அக்கதவின்முன் மட்டுமே நின்றுகொண்டிருக்கவில்லை. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் கப்பல் விட்டது; ஆறுகளைத் திறந்தது; உள்நாட்டுச் சந்தையை ஒன்றாக்கியது.

அவையீர், இவ்வரலாறு இளைய நாடுகளுக்குக் கூறுவன சிலவே. வெளியே சொல் கொடுக்குமுன், உள்ளே அச்சொல்லைக் காக்கும் ஒற்றுமை வேண்டும். பல முத்திரை உடைய துறைமுகத்தை எவரும் மதியார். ஏட்டில் எழுதிய ஒவ்வொரு பொருளின் பெயரையும் இன்றைய விளைச்சலோடு மட்டுமன்றி நாளைய விளைச்சலோடும் ஒட்டிப் படித்தல் வேண்டும். ஒரு பகுதியின் ஆற்றை மற்றொரு பகுதியின் ஆதாயத்துக்கு விற்றல் ஆகாது. எதிர்த்து நிற்குமுன் தன் வலிமையை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கிடைக்காத கதவுக்காகக் காத்திருக்கையில் வேறு கதவுகளைத் தட்டுதல் வேண்டும்.

இவை எல்லாம் அரசறிந்தோர் வேலை. கவிஞருக்குரிய வேலை ஒன்று எஞ்சுகிறது. உடன்படிக்கை ஏட்டில் எந்தச் சொல் ஒளிக்கப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர் விடப்பட்டிருக்கிறது என்று கேட்பதே அது. பிரஷ்ய உடன்படிக்கை உழவரையும் மீனவரையும் பெயர் சொல்லிக் காத்தது. அதற்கு இரண்டே ஆண்டு கழித்து வந்த அரசியலமைப்பு, விலங்கிடப்பட்டோரை ஆட்கள் என்ற சொல்லுக்குள் மறைத்தது. இரண்டையும் எழுதியது ஒரே தலைமுறை. பிராங்க்ளின் கையெழுத்து இரண்டிலும் உண்டு. அத்தலைமுறையின் பெருமையும் சிறுமையும் அவ்விரு சொற்களின் இடைவெளியில் கிடக்கின்றன.

புலிச்சின்னம் பொறித்த மூட்டையைப் பாடிய புலவர், அதனைக் காத்து நின்றவரையும் பாடினார். சரக்கோடு மனிதரையும் காணும் அக்கண் இவ்வட்டத்துக் கவிஞர்க்கு என்றும் வாய்ப்பதாகுக.